ஈடும் ஈடுபாடும்: நாலூரார் காத்த ஸ்ரீகோசமும் காஞ்சியும்

நூலின்மீதும் நூலில் வரும் மாந்தரின்மீதும் உள்ளம் சென்று பற்றுவதை நம் பூர்வாசாரியர்கள் "ஈடுபாடு" என்ற சொல்லால் வழங்கினர். திருவாய்மொழி வியாக்கியானங்களுள் தலைமை பெற்ற முப்பத்தாறாயிரப்படிக்கு "ஈடு" என்றே பெயர். இப்பெயருக்குப் பெரியோர் பல பொருள் கூறுவர். ஒப்பு என்பது ஒன்று. கவசம் என்பது ஒன்று. ஆழ்வார் ஸ்ரீஸூக்தியில் ஆழங்காற்படுதல் என்பது மற்றொன்று. மூன்றாவது பொருளை முன்னிட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. நூலில் ஈடுபட்டவர் அந்நூலைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டுமா, பிறருக்குத் திறந்துவைக்க வேண்டுமா என்ற வினா நம் ஸம்பிரதாயத்தில் ஒருகாலத்தில் உண்மையாகவே எழுந்தது. அதற்கு விடை கிடைத்த வரலாற்றில் காஞ்சிபுரத்துக்குப் பெரும் பங்குண்டு.

இங்கே எடுத்தாளப்படும் செய்திகளில் பெரும்பாலானவை ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம், யதீந்த்ர ப்ரவண பிரபாவம் முதலிய நூல்களும் வியாக்கியானங்களில் விரவிக் கிடக்கும் ஐதிஹ்யங்களும் பேணிவந்தவை. கல்வெட்டைப்போல் நாளும் கிழமையும் குறித்துச் சான்று பகர்வது அவற்றின் நோக்கமன்று. எதனைப் போற்றத்தக்கதென்று ஒரு மரபு நினைவில் நிறுத்தியது என்பதற்கு அவை நேரான சான்றுகள். அவ்வளவில் அவற்றை வரலாற்று மூலங்களாகக் கொள்வதில் தடையில்லை.

1. கேட்டவர்கள்

குலசேகரப்பெருமாள் நாள்தோறும் ஸ்ரீராமாயணம் கேட்டுவந்தார். ஆரணிய காண்டத்தில் கரன் பதினாலாயிரம் அரக்கரோடு வருகிறான், பெருமாள் தனியராய் எதிர்நிற்கிறார் என்று கதை சொல்பவர் சொன்ன மாத்திரத்தில் அரசர் எழுந்து, துணைக்குப் படை புறப்படட்டும் என்று ஆணையிட்டார். பெருமாள் ஒருவராகவே நின்று வென்று மீண்ட பகுதியை விரைந்து எடுத்துச் சொன்ன பிறகே அவர் தேறினார். கதை முன்னமே நடந்து முடிந்தது என்பதை அரசர் அறியாதவரல்லர். இராமன் பரம்பொருள், அவனுக்குக் காவல் வேண்டா என்பதும் அறிந்தவரே. அறிந்திருந்தும் அஞ்சினார்.

இரண்டாவது நிகழ்ச்சி எம்பெருமானாருடையது. அவர் திருப்பாவையை அனுஸந்தித்துக்கொண்டே மாதுகரத்துக்கு எழுந்தருள்வது வழக்கம். "திருப்பாவை ஜீயர்" என்ற திருநாமமும் அதனால் வந்தது. ஒருநாள், நப்பின்னைப் பிராட்டியைக் கதவு திறக்க வேண்டும் பதினெட்டாம் பாசுரத்தை ஓதிக்கொண்டு பெரியநம்பி திருமாளிகை வாசலை அடைந்தார். அக்கணமே நம்பியின் திருமகளார் அத்துழாய், வளை ஒலிக்கக் கதவைத் திறந்தார். எதிரே நின்றவர் எம்பெருமானார் கண்ணுக்கு நப்பின்னையாகவே தோன்றினார். அவர் அங்கேயே மூர்ச்சித்து விழுந்தார். மகள் பதறி உள்ளே சென்று சொல்ல, பெரியநம்பி சிறிதும் கலங்காமல், அப்போது ஓதிக்கொண்டிருந்த பாசுரம் இன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னாராம். இந்த ஐதிஹ்யத்தின் சுவை பெரியநம்பியின் தெளிவிலேயே இருக்கிறது. மயங்கி விழுந்தவரைக் கண்டு நோய் என்ன என்று அவர் கேட்கவில்லை. பாசுரம் எது என்பதை அந்நிலையிலிருந்தே அறிந்துகொண்டார். அவ்வளவு நெருங்கிய வாசிப்பு ஆசிரியர், மாணாக்கர் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி கவலைக்குரியது. ஆளவந்தார் முன்பாகத் திருவரங்கப்பெருமாள் அரையர் திருவனந்தபுரத்துப் பதிகத்தை அபிநயித்துப் பாடினார். அவ்வூருக்குப் புறப்படும்படி அடியாரை அழைக்கும் இடம் வந்தபோது ஆளவந்தாரின் திருமுகத்தை நோக்கி நின்று பாடினார். அழைப்பு தமக்கே என்று கொண்ட ஆளவந்தார் அப்போதே திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுவிட்டார். நாதமுனிகள் அருளிய யோகரஹஸ்யத்தைக் கற்றிருந்தவர் குருகைக்காவலப்பன் ஒருவரே. அதனை ஆளவந்தாருக்கு உபதேசிக்க அவர் ஒரு நாள் குறித்திருந்தார். தம் இறுதி நாளை அறிந்து அவர் குறித்த நாள் அது. திருவனந்தபுரத்தில் ஆளவந்தாருக்கு அது நினைவுக்கு வந்தபோது நாள் கடந்திருந்தது. யோகரஹஸ்யம் அவ்வாறு நமக்கு இல்லையாயிற்று.

முதல் இரண்டு நிகழ்ச்சிகளை நாம் மகிழ்ந்து சொல்கிறோம். மூன்றாவதும் அவற்றோடு ஒரே தன்மையது; அங்கும் கேட்டவர் பாட்டுக்குள் புகுந்துவிட்டார். ஆளவந்தார் பாட்டில் ஈடுபட்டதற்காக மரபு அவரைக் குறைகூறவில்லை. இழப்பின் வேர் வேறிடத்தில் இருந்தது: ஓர் உயர்ந்த பொருள் ஒருவர் நெஞ்சில் மட்டுமே வைக்கப்பட்டிருந்தது. இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

2. அறிந்தும் அஞ்சுதல்

கதையில் வருபவருக்காகக் கேட்பவர் அஞ்சுவதும் அழுவதும் பொருந்துமா? இவ்வினாவை மேனாட்டு மெய்யியலாரும் எழுப்பினர். 1975இல் காலின் ராட்போர்டு என்னும் ஆங்கிலேயர், தால்ஸ்தாயின் அன்னா கரேனினாவுக்காக நாம் வருந்துவது எங்ஙனம் என்று வினவி, அவ்வருத்தம் இயல்பானதே ஆயினும் அறிவோடு பொருந்தாதது என்ற முடிவுக்கு வந்தார். இல்லாத ஒருத்திக்கு வந்த துன்பம் துன்பமாகாதே என்பது அவர் கொண்ட தடை.

வடமொழி அலங்கார நூலார் இதற்கு வேறுவகையில் விடை கூறினர். காவியத்தில் வரும் துயரம் இன்னார் துயரம் என்ற எல்லையை இழந்து பொதுவாகிவிடுகிறது, ஆகவே அது சுவையாகிறது என்று காச்மீரத்து அபிநவகுப்தர் விளக்கினார். நம் வியாக்கியாதாக்கள் இவ்வழியில் செல்லவில்லை. குலசேகரப்பெருமாள் அஞ்சியது பொதுவான ஓர் அச்சத்தை அன்று. சக்கரவர்த்தித் திருமகன் ஒருவனுக்காகவே அஞ்சினார். அவ்வச்சத்தை விளக்கும் கோட்பாட்டைப் பிள்ளைலோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் மங்களாசாஸனத்தைப் பேசுமிடத்துத் தருகிறார். ஞானதசையில் ஈச்வரன் காப்பவன், ஆத்மா காக்கப்படுபவன் என்ற முறை அதனதன் நிலையிலேயே நிற்கும். பிரேமதசையில் அம்முறை தட்டுமாறிவிடும். காக்கப்படவேண்டியவன் காப்பவனாகித் தன் தலைவனுக்கு என்ன வருமோ என்று நடுங்குவான். பெரியாழ்வார் கருடன்மேல் வந்த எம்பெருமானுக்குக் கண்ணெச்சில் படுமே என்று பல்லாண்டு பாடியதும் இதே நிலையில்தான். அறிவு கெட்டுப்போனதால் இந்த நடுக்கம் வந்ததில்லை. அறிந்ததற்குமேல் அன்பு பெருகியதால் வந்தது. ராட்போர்டு குறையாகக் கண்டதை நம்மவர் ஆத்மாவின் உயர்ந்த ஒரு நிலையாகக் கண்டனர்.

இராமனும் கண்ணனும் நமக்குக் கற்பனை மாந்தர் அல்லர் என்று வாசகர் இங்கே மறுக்கலாம், அம்மறுப்பு நியாயமே. ஆனால் நம் அருளிச்செயல்களில் கவியே படைத்துக்கொண்ட மாந்தரும் உண்டு. திருவாய்மொழியின் 1102 பாசுரங்களில் பல பதிகங்கள் ஒரு மகளின் வாய்மொழியாகவும், அவளைப் பெற்ற தாயின் வாய்மொழியாகவும், உடனிருக்கும் தோழியின் வாய்மொழியாகவும் அமைந்துள்ளன. குருகூரில் அப்படி ஒரு குடும்பம் வாழவில்லை. பேசுபவர் மூவரும் ஆழ்வாரே என்பதை வியாக்கியாதாக்கள் அனைவரும் அறிவர். வடக்குத் திருவீதிப்பிள்ளையின் இளைய குமாரரான அழகியமணவாளப்பெருமாள் நாயனார், ஆசார்யஹ்ருதயத்தில் இம்மூவரையும் ஆழ்வாருடைய மூன்று அறிவுநிலைகளாகப் பகுத்துக் காட்டினார். எம்பெருமானோடு உள்ள உறவை உணர்தல் தோழி. அவனே வழி என்று துணிதல் தாய். பேற்றுக்கு விரைந்து பதறுதல் மகள்.

இவ்வளவு தெளிவாக ஸ்வாபதேசம் சொன்ன பிறகு அந்த மகளை மறந்துவிட்டிருக்கலாம். மரபு மறக்கவில்லை. அவளுக்குப் பராங்குசநாயகி என்று பெயரிட்டது. அவள் உண்ணாமல் உறங்காமல் இருப்பதைக் கண்டு தாய் வருந்தும் இடங்களில், நம்பிள்ளையின் சொற்கள் பெற்ற வயிற்றின் பதைப்போடு வருகின்றன. அரையர் சேவையில் இன்றும் முத்துக்குறி என்னும் பகுதி உண்டு. மகளின் நோய்க்குக் காரணம் அறியத் தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கும் கட்டம் அது. கேட்போர் அனைவரும் உட்பொருள் அறிந்தவர்களே, ஆயினும் குறி சொல்லும்வரை மண்டபம் காத்திருக்கிறது. உட்பொருள் தெரிந்தமை ஈடுபாட்டைக் குறைப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

3. காஞ்சியும் ஓலைக்கட்டுகளும்

நூலில் வரும் மாந்தர்பால் சென்ற அன்பு நூலின்பாலும் செல்வது இயல்பு. நம்மவர் ஓலைச்சுவடியை ஸ்ரீகோசம் என்று வழங்குவதே அதனைக் காட்டும். அந்த அன்பின் வரலாற்றில் காஞ்சியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றனர். அத்திகிரி, திருவெஃகா, தூப்புல் மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று நடந்து செல்லும் தொலைவில் உள்ளவை. கூரம் காஞ்சிக்கு அருகில் உள்ள சிற்றூர். பட்டுத்தறியின் ஓசை நிறைந்த நகரம் என்று உலகறிந்த இவ்வூர், ஸ்ரீகோசங்கள் ஓதப்பட்டும் படியெடுக்கப்பட்டும் வந்த நகரமும் ஆகும்.

பாட்டுக்கும் பாட்டுடைத் தலைவனுக்கும் உள்ள உறவை இவ்வூர் தனக்கே உரிய முறையில் நினைவில் வைத்திருக்கிறது. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டு அகற்றினான். ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளைப் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு வரும்படி பாடினார், அவனும் வந்தான். மன்னன் பிழையுணர்ந்து வேண்ட, ஆழ்வார் மாற்றிப் பாட, மீண்டும் வந்து படுத்தான். சொன்னவண்ணம் செய்த பெருமாள், யதோக்தகாரி என்ற திருநாமங்கள் இதனால் வந்தன. பாடப்பட்டவன் பாட்டுக்குக் கட்டுப்பட்டவன் என்ற எண்ணம் இந்நகரில் ஒரு கோயிலாகவே நிற்கிறது.

கூரத்தாழ்வானின் செய்தியை யாவரும் அறிவர். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யம் இயற்றுவதற்கு முன் போதாயன விருத்தியைக் காண ஆழ்வானோடு காச்மீரத்துச் சாரதாபீடத்துக்குச் சென்றார். பெற்ற நூலை அங்குள்ளார் வழியிலேயே திரும்பப் பறித்துக்கொண்டனர். எம்பெருமானார் வருந்தியபோது, இரவுகளில் தாம் அதனை ஓதி நெஞ்சில் பதித்துக்கொண்டதை ஆழ்வான் விண்ணப்பித்தார். பின்னர் ஸ்ரீபாஷ்யத்தைப் பட்டோலை கொண்டவரும் அவரே. எம்பெருமானார் சொல்லும் பொருள் தமக்குப் பொருந்தவில்லையெனில் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. மனப்பாடம் செய்த அன்பும் எழுத்தை நிறுத்தும் துணிவும் ஒருவரிடமே இருந்தன. நூலில் ஈடுபட்டவன் அதன் அடிமைமட்டும் அல்லன், அதன் காவலனும் ஆவான் என்பது இதனால் விளங்கும்.

அடுத்த தலைமுறைகளில் நடாதூர் அம்மாள் காஞ்சி வரதராஜன் ஸந்நிதியில் ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபம் ஸாதித்து வந்தார். கேட்டவர்களுள் ஆழ்வான் மரபில் வந்த ஸுதர்சனபட்டரும் ஒருவர். அவர் வரும்வரை அம்மாள் பாடம் தொடங்காமல் காத்திருப்பார். மற்றவர்க்கு அது மனக்குறையாக இருந்தது. ஒருநாள் அம்மாள் முந்திய பாடத்தில் ஒரு வினா எழுப்ப, மற்றவர் வாளாவிருக்க, பட்டர் ஒருவரே அம்மாள் சொன்ன சொல் மாறாமல் விடை கூறினார், மனக்குறை தீர்ந்தது. அவர் கேட்டவற்றை எழுதிவைத்ததே ச்ருதப்ரகாசிகை. "கேட்டதை விளக்குவது" என்ற பொருள்பட நூலுக்குப் பெயரிட்டார். நூலாசிரியராகத் தம்மை முன்னிறுத்தாமல் கேட்டவராகவே நின்றார். அதே கோஷ்டிக்கு ஐந்து வயதுக் குழந்தையாக அப்புள்ளாரோடு வந்தவர் தூப்புல் வேங்கடநாதன், பின்னாளில் ஸ்ரீவேதாந்த தேசிகன். குழந்தையைக் கண்டு பேசியதில் பாடம் விட்ட இடம் அம்மாளுக்கு மறந்துபோக, குழந்தையே அதனை எடுத்துக்கொடுத்ததென்பர்.

காஞ்சியில் கேட்கப்பட்ட அந்நூல் 1323ஆம் ஆண்டளவில் திருவரங்கத்தில் அழியும் நிலைக்கு வந்தது. டில்லிப் படை கோயிலைச் சூழ்ந்தபோது பிள்ளைலோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார். ஸுதர்சனபட்டர் தம் குமாரர் இருவரையும் ச்ருதப்ரகாசிகையையும் தேசிகனிடம் ஒப்படைத்தார். தேசிகன் பிணக்குவியலுக்கிடையே மறைந்திருந்து, படை நீங்கிய பின் குழந்தைகளோடும் சுவடியோடும் கன்னட நாட்டுச் சத்தியாகாலத்தை அடைந்தார். ஒருவர் பெருமாளைக் காத்தார். மற்றவர் நூலைக் காத்தார். பின்னாளில் இவ்விருவர் பெயரையும் சொல்லிப் பிரிந்துநின்றவர்கள், அந்த ஓராண்டில் இருவரும் செய்தது ஒரே கைங்கரியத்தின் இரு பகுதிகள் என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

4. ஈடு எழுதப்பட்டதும் மறைக்கப்பட்டதும்

ஈட்டின் கதை இதற்குச் சற்று முன்னர்த் தொடங்குகிறது. நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்து வந்தார். வடக்குத் திருவீதிப்பிள்ளை பகலில் கேட்டதை இரவில் விளக்கொளியில் எழுதிவந்தார். முடிவில் அது முப்பத்தாறாயிரம் படியாக அமைந்தது. படி என்பது 32 எழுத்துக்கள் கொண்ட அளவு. கணக்கிட்டால் ஏறத்தாழ 11 இலட்சத்து 52 ஆயிரம் எழுத்துக்கள். ச்ருதப்ரகாசிகையின் அளவுக்கு ஒத்திருத்தலால் "ஈடு" எனப்பட்டது என்பது பெயர்க்காரணங்களுள் ஒன்று. அளவில் மட்டுமன்றிப் பிறப்பிலும் இரண்டும் ஒத்தவை. இரண்டும் கேட்டவர் எழுதியவை.

எழுதியதைக் கண்ட நம்பிள்ளை, குறையும் மிகையும் இன்றி அமைந்திருத்தலை உகந்தார். ஆயினும் தம் இசைவின்றி எழுதியது தகாது என்று சுவடிகளை வாங்கித் தம்மிடம் வைத்துக்கொண்டார். பெரியவாச்சான்பிள்ளையை வியாக்கியானம் எழுதும்படி நியமித்தவரும் அவரே. இருபத்துநாலாயிரப்படி அவ்வாறு எழுந்தது. ஆகவே எழுத்தின்மீது அவருக்கு வெறுப்பில்லை. அவருடைய இளமை நிகழ்ச்சி இதனை மேலும் தெளிவாக்கும். நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கக் கொண்டுசென்றபோது காவிரிப் பெருக்கில் சுவடி போய்விட்டது. கேட்டதை நினைவிலிருந்து எழுதி, தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருள்களையும் இடையே சேர்த்துக் கொணர்ந்தார். நஞ்சீயர் கண்டு மகிழ்ந்து அவரை "நம்பிள்ளை" என்று அணைத்துக்கொண்டார். வரதராஜர் என்ற பெயர் மறைந்து அப்பெயரே நிலைத்தது. ஆசிரியன் சொல்லைச் சீடன் தன் நெஞ்சிலிருந்து எழுதியதால் புகழ்பெற்றவர், அதே செயலைச் செய்த தம் சீடரைத் தடுத்தார்.

இதனை முரண் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. நம்பிள்ளை ஆசிரியர் ஏவ எழுதினார். வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏவப்படாமல் எழுதினார். ஏட்டைக் கையில் பெற்றவர் ஆசிரியரை நாடாமல் பொருள்கொள்ளத் தொடங்கினால் கேட்டல் என்ற முறையே தளரும் என்ற அச்சம் அதில் அடங்கியிருந்தது. நம் வியாக்கியானங்களின் நடையே பேச்சுநடை; நிர்வாஹங்களும் ஐதிஹ்யங்களும் எதிர்வினாக்களும் கலந்தது. ஒருவர் முகம்பார்த்துச் சொன்னதை முகம்காணாதவர் படித்தால் என்னவாகும் என்பது வீண் கவலையன்று.

நம்பிள்ளை அந்த ஸ்ரீகோசத்தை ஈயுண்ணி மாதவர் எனப்படும் சிறியாழ்வானப்பிள்ளையிடம் கொடுத்தார். அவர் தம் குமாரர் பத்மநாபருக்குக் கொடுத்தார். பத்மநாபரிடமிருந்து நாலூர்ப்பிள்ளையும், அவரிடமிருந்து அவர் குமாரர் தேவராஜரான நாலூராச்சான்பிள்ளையும் பெற்றனர். மணவாளமாமுனிகள் உபதேசரத்தினமாலையில் இவ்வடைவைப் பெயர் பெயராகக் குறித்துவைத்திருக்கிறார். ஒரு நூல் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதை அந்நூலைப் பெற்றவர்களுள் ஒருவரே பாடிவைத்திருப்பதால், ஈட்டின் வரலாற்றில் உறுதியான தளம் இதுவே.

நான்கு தலைமுறை ஒருவரிடமிருந்து ஒருவருக்கே சென்றது என்பதை நினைக்குந்தோறும் யோகரஹஸ்யம் நினைவுக்கு வருகிறது. நடுவே திருவரங்கம் அழிவைக் கண்டது. ஒரு தலைமுறையில் தக்க சீடர் வாய்க்காதிருந்தால், ஒரு வீட்டில் தீப்பற்றியிருந்தால், அம்முப்பத்தாறாயிரமும் பெயரளவில் நின்றிருக்கும். காத்தவர்களின் ஈடுபாட்டில் ஐயமில்லை. அவர்கள் காத்திராவிட்டால் இன்று பேச நூலே இல்லை. ஆனால் காப்பது போதாது என்று ஒருவர் உணர வேண்டியிருந்தது.

5. தேவப்பெருமாளின் ஆணை

அந்த உணர்வு காஞ்சியில் வெளிப்பட்டதென்று மரபு கூறும். பாண்டிநாட்டில் அரசியல் பொறுப்பேற்றிருந்த திருமலையாழ்வாரைக் கூரகுலோத்தமதாஸர் ஆழ்வார் பாசுரம் ஒன்றைக் கொண்டு தம் பக்கம் ஈர்த்தார். அவர் அலுவலைத் துறந்து, திருவாய்மொழி ஒன்றே தஞ்சமென இருந்தமையால் திருவாய்மொழிப்பிள்ளை எனப்பட்டார். ஈட்டைக் கற்க வேண்டும் என்ற வேட்கையோடு அவர் காஞ்சிக்கு வந்து தேவப்பெருமாளைத் தொழுதார். அங்கே நாலூர்ப்பிள்ளையும் இருந்தார். இவருக்கு ஈட்டைச் சொல்லுக என்று பெருமாள் அர்ச்சகமுகமாக நாலூர்ப்பிள்ளைக்கு ஆணையிட்டார். தாம் முதுமையெய்திவிட்டதை அவர் விண்ணப்பிக்க, குமாரர் சொன்னால் அது நீர் சொன்னதேயாகும் என்று அருளினார். இவ்வாறு நாலூராச்சான்பிள்ளை சொல்ல இசைந்தார். செய்தி பரவவே, திருநாராயணபுரத்து ஆய் முதலானோரும் விழைய, ஓதல் திருநாராயணபுரத்தில் எம்பெருமானார் ஸந்நிதியில் நடந்தது. ஒருவருக்கே என்றிருந்த நூல் முதன்முறையாகச் சிலருக்கு என்றாயிற்று.

பெருமாளே ஆணையிட்டார் என்று சொல்லும்போது, நம்பிள்ளை வகுத்த எல்லையைக் கடப்பதற்கு அவருக்கும் மேலான ஓர் அனுமதி வேண்டியிருந்தது என்பதை மரபு மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. நாலூரார் தாமாக நூலைத் திறக்கவில்லை. கேட்டவர் உரிமையாகவும் கேட்கவில்லை. ஆசிரியர் இட்ட கட்டும் மதிக்கப்பட்டது, நூலும் விடுபட்டது.

திருவாய்மொழிப்பிள்ளையிடம் ஈட்டைக் கற்றவர் மணவாளமாமுனிகள் (1370–1444). அவர் ஆசிரியருக்குக் கொடுத்த வாக்கின்படி ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை மட்டும் கேட்டார். அதனையும் காஞ்சியில் கிடாம்பி நாயனாரிடம், திருவெஃகாவில் தங்கிக் கேட்டார். பின்பு திருவரங்கத்தில், பரிதாபி ஆவணி தொடங்கிப் பிரமாதீச ஆனி மூலம் வரை, அதாவது 1432–33இல் ஏறத்தாழப் பத்து மாதங்கள், பெரிய திருமண்டபத்தில் நம்பெருமாள் முன்பு ஈட்டுக் காலக்ஷேபம் நடந்தது. அதற்காகக் கோயில் உத்ஸவங்களும் நிறுத்திவைக்கப்பட்டன என்பர். பூட்டிவைக்கப்பட்ட நூல் ஊரறிய, கோயிலறிய ஓதப்பட்டது.

மாமுனிகள் செய்த மற்றவையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. ஈட்டில் எடுத்தாளப்பட்ட பிரமாணங்களின் இடங்களைத் தேடித் தொகுத்து வைத்தார். முகம்பார்த்துக் கேளாதவரும் தடுமாறாமல் படிக்க அது துணையாகும். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை இட்ட வியாக்கியானத்தில் பெரும்பகுதி செல்லரித்துப்போக, அழிந்த இடத்துக்கு மட்டும் தாம் வியாக்கியானம் இட்டு, எஞ்சிய முன்னோர் சொல்லைத் தொடாமல் விட்டார். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் சுவடிகளைப் பார்த்துப் படியெடுப்பாராம். இத்தனை வருத்தம் ஏன் என்று கேட்ட சீடருக்கு, உம்முடைய மக்களுக்கும் பேரர்களுக்குமாகச் செய்கிறேன் என்ற கருத்தில் விடை தந்தார் என்பது மரபு. நம்பிள்ளையின் அச்சத்தை மாமுனிகள் பொருட்படுத்தாமல் விடவில்லை. ஏட்டைத் திறந்தவர், கேட்டலையும் பெருங்கோஷ்டியாக நிறுவினார்.

6. நம் காலம்

காஞ்சி இந்தப் பணியை அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் (1891–1983) சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பூர்வாசாரிய கிரந்தங்களை நூற்றுக்கணக்கில் அச்சிட்டு வெளியிட்டார். திவ்யார்த்த தீபிகை என்னும் தம் உரையால் அருளிச்செயல் முழுவதையும் எளிய நடையில் பலருக்கும் எட்டச்செய்தார். பு.ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டின் மணிப்பிரவாளத்தைத் தமிழ்நடையாக்க, சென்னைப் பல்கலைக்கழகம் அதனைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. நாலூரார் ஒருவர் கையில் இருந்த ஸ்ரீகோசம் இன்று எந்த நூலகத்திலும் கேட்டுப் பெறக்கூடிய நூல்.

இன்று நாம் அஞ்சவேண்டியது நூல் மறைந்துபோவதை அன்று. நூல் கையெட்டும் இடத்தில் இருந்தும் அதனை ஒருவர் சொல்ல ஒருவர் கேட்பது குறைந்துவருகிறது. நம்பிள்ளை அஞ்சியது இதனையே என்று தோன்றுகிறது. தனித்துப் படிப்பவரும் பராங்குசநாயகிக்காக வருந்தலாம், கரன் படைக்கு அஞ்சலாம். ஆனால் தாம் மயங்கி விழுந்தால் எந்தப் பாசுரம் என்று கண்டுசொல்ல ஒரு பெரியநம்பி அவருக்கு வேண்டும். படைக்கு ஆணையிட்டுவிட்டால், பெருமாள் வென்று மீண்டார் என்று சொல்லித் தேற்ற அருகில் ஒருவர் வேண்டும். ஆகவே காலக்ஷேப கோஷ்டிகளைச் சிறிதளவிலேனும் நடத்திவருவதும், ஊர்களில் இன்னும் பரண்களில் கிடக்கும் சுவடிகளைப் படியெடுத்துப் பொதுவில் வைப்பதும் இருவேறு பணிகள் அல்ல. நாலூராச்சான்பிள்ளை ஏட்டைத் திறந்தபோது அதனை எதிரே இருந்தவர்களுக்கு வாயால் சொல்லியே திறந்தார். அந்த முறை இன்றைக்கும் பொருந்தும்.